எட்டாவது ஈடு

செவ்வாய்க்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்தபோது தொட்டியில் ஆறு மீன்களுக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தேன். நாலடிக் கண்ணாடித் தொட்டி. முன்னூறு லிட்டர். நடுவில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். அதன் முன்னால் ஆண் மீன் மட்டும் நின்றது. தட்டுப் போல வட்டமான, தட்டையான மீன். பழுப்பு உடம்பில் நீல வரிகள். மற்ற ஐந்தையும் காணவில்லை. அவனுடைய ஜோடியையும் காணவில்லை.

"யார் வந்தது?" என்றேன்.

அக்கா சமையலறையில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்து என்னைக் கூட்டிப்போக வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"மீன் கடைக்காரர். நேத்து உன்கிட்ட கேட்டேனே. 'ம்'னியே."

கேட்டிருப்பாள். ஏழு மாதமாக நான் எல்லாவற்றுக்கும் 'ம்' சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து இரு என்று அப்பா சொன்னபோது 'ம்'. வீட்டுக்காரருக்கு அக்கா எழுதிய தாளில் கையெழுத்துப் போடும்போது 'ம்'. ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும் என்றதற்கும், ஆறு மாதம் போகட்டும், ஒரு பெண்ணைப் பார்க்கலாம் என்றதற்கும் அதே 'ம்'. பிள்ளை இல்லாதது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்று ஒருவர் சொன்னார். அவருக்கும் 'ம்' சொல்லியிருக்கிறேன். அது மட்டும் இன்னும் தொண்டையில் முள்ளாக இருக்கிறது.

"இதை ஏன் விட்டுட்டுப் போனார்?"

"அது வந்தாத்தானே? வலையை விட்டா வலையை முட்டுது, கையை விட்டா கையைக் கொத்துது. 'இவன் இன்னிக்கு வர்ற மாதிரி தெரியலம்மா, நாளைக்கு வந்து தொட்டியோட தூக்கிக்கறேன்'னுட்டுப் போயிட்டார். எடுத்துட்டுப் போனாப் போதும்னு சும்மாதான் குடுத்தேன்."

"சட்டியில ஒட்டியிருந்தது என்னன்னு பாத்தியா?"

"ஜவ்வரிசி மாதிரி ஏதோ. உப்பு பூத்திருக்குன்னு நினைச்சேன். தேய்ச்சுக் கழுவலாம்னு கையை விட்டேன். எனக்கும் ஒரு கொத்து." விரலைக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

"அது முட்டை."

அக்கா கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருந்தா குடுத்திருப்பேனாடா? நீதான் கல்லுளிமங்கன் மாதிரி வாயைத் திறக்கிறதே இல்லையே. எனக்கு மீன் முட்டை எது, ஜவ்வரிசி எதுன்னு எப்படித் தெரியும்?"

நான் சொல்லவில்லை. முட்டைகளைத் திங்கள் மாலையே பார்த்துவிட்டேன். சட்டியின் பக்கவாட்டில் வரிசை வரிசையாக, இருநூறுக்குக் குறையாது. பார்த்தேன், கை கழுவினேன், சாப்பிட்டேன், படுத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சொல்லக்கூடிய ஆள் இல்லை.

மீன்கள் என் மனைவியுடையவை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். பகலெல்லாம் அடுத்தவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்து, மாலையில் தொட்டித் தண்ணீரையும் அதே முகத்தோடு சோதிப்பாள். சிறு குழாயை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "சார், உங்களுக்கு அமிலம் கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்பாள், மீனைப் பார்த்து. டிஸ்கஸ் என்று இந்த மீனுக்குப் பெயர். சிக்லிட் குடும்பம். முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போகிற ரகம் இல்லை. இரண்டு பேரும் நின்று காவல் காப்பார்கள், விசிறுவார்கள், குஞ்சு நீந்தத் தொடங்கியதும் தங்கள் உடம்பின் மேல் ஊறும் வழுவழுப்பையே அதற்கு உணவாகக் கொடுப்பார்கள். வேறு எதையும் அந்தக் குஞ்சு முதல் சில நாட்கள் தின்னாது.

அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஜோடி அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஏழு முறை முட்டையிட்டு ஏழு முறையும் தாங்களே தின்றுவிட்டார்கள். ஒவ்வொன்றையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்று எண் போட்டு, நாள்வாரியாக, தண்ணீரின் சூடு, அமிலம், யார் காவல் நின்றது என்பது வரை. ஆணுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். சும்மா மேலும் கீழும் நடந்துகொண்டு முறைத்துப் பார்ப்பதால். பெண் மீன் மேடம். எந்த ஈடும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. கடைசி வரி இப்படி: 'ஏழு. மூன்றாம் நாள் மாலை. தின்றுவிட்டன. ராஸ்கல்கள்.'

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேலை நேரத்தில், கையில் யாருடைய ரத்தமோ இருக்க, அவள் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. இருபத்தொன்பது வயது.

அதற்குப் பிறகு ஜோடி முட்டையிடவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்பால் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டியிருந்த தாளில் அப்படி எழுதியிருந்தது.

இது எட்டாவது.

புதன்கிழமை காலை அரை நாள் விடுப்பு எடுத்தேன். மீன் கடைக்காரர் ஒன்பது மணிக்கு ரப்பர் குழாயும் வாளிகளுமாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். கால்சட்டையை எப்போதும் முழங்கால் வரை மடித்து விட்டிருப்பார், மழை இல்லாவிட்டாலும்.

"தொட்டி போகலை. அந்தப் பொட்டை மீனைத் திருப்பிக் குடுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு.

"அட, முட்டை. நேத்து நான் பாக்கலையே. இவன் அந்தப் பக்கம் விடவே இல்ல." நிமிர்ந்தார். "குடுக்கறதுல ஒண்ணும் இல்ல சார். ஆனா அதை நேத்தே நாப்பது மீனோட கலந்துட்டேன். வலை, பை, பைக், புதுத் தண்ணி, எல்லாம் பாத்துடுச்சு. இப்ப கொண்டுவந்து விட்டா அது தாய் இல்ல, விருந்தாளி. வந்ததும் முட்டையத்தான் தின்னும். இவன் தடுப்பான். ரெண்டும் அடிச்சுக்கும். அதுல எல்லாம் போயிடும்."

அக்கா டீயோடு வந்தாள். நேற்றைய குற்ற உணர்ச்சி அவளுக்கு. ஏதாவது வழி சொல்ல வேண்டும் என்று தவித்தாள்.

"வேற ஒரு பொட்டை மீன் வாங்கி விட்டா என்னங்க? புதுசா? இதுவும் பாவம் தனியா இருக்கு. பழகிடாதா?"

"புதுசு விட்டா இன்னும் மோசம்மா. பழசுக்காவது முட்டை தன்னுதுன்னு ஒரு நினைப்பு வரலாம். புதுசுக்கு அது வெறும் சாப்பாடு. முதல் வேலையா அதைத் தின்னுட்டுத்தான் இவன்கிட்ட குடும்பம் நடத்த வரும்."

அக்கா டீயை மேசையில் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. பெண் பார்க்கலாம் என்று சொன்னவள் அவள்தான். நான் டீயை எடுத்துக் குடித்தேன். மீன் மீன்தான். அதை வைத்து யாருக்கும் பாடம் எடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

"இவன் தனியா வளப்பானா?" என்று கேட்டேன்.

"டிஸ்கஸ்லயா?" கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு பேர் இருந்தாலே ஆளுக்கு அரை மணி முறை வெச்சு மாத்திக்கும். ஒருத்தன் மேல குஞ்சுங்க மேயும், வலி தாங்கலைன்னா உடம்பை ஒரு உதறு உதறிட்டு அடுத்தவன்கிட்டத் தள்ளி விட்டுடும். இவன் யார்கிட்டத் தள்ளுவான்? தோலைத் தின்னு முடிச்சிடும் சார். நான் முப்பது வருஷமா மீன் விக்கறேன். சொல்றேன், கேளுங்க. முட்டையைச் சுரண்டி எறிஞ்சிட்டு இவனைக் குடுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க எப்படியும் போறீங்க."

"தனியா வளத்ததே இல்லையா, எங்கயும்?"

"எங்கயோ ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"அப்ப இது மூணு," என்றேன்.

ஏழு மாதத்தில் நான் ஒருவரிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்து காலித் தொட்டியை எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வியாழன். அன்று மாலை வீட்டுக்கு வரும்போது படியிலேயே நின்றுவிட்டேன். ஏழு முறையும் இந்த நேரத்துக்குள் தின்று முடித்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்தேன். சட்டியில் முட்டைகள் இல்லை. அவற்றின் இடத்தில் மயிரிழை போல வால்கள். நூறு, நூற்றைம்பது வால்கள், தலை சட்டியில் ஒட்டியிருக்க, நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்று உதிர்ந்து கீழே விழுந்தது. மேனேஜர் இறங்கி அதை வாயில் கவ்வினார். தின்றுவிட்டார் என்று நினைத்தேன். மேலே வந்து, பழைய இடத்தில் அதைத் துப்பி ஒட்டினார்.

நான் எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனேன்.

வீட்டுக்காரர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வீட்டைக் காலி பண்ணலை," என்றேன்.

"எழுதிக் குடுத்துட்டீங்களே சார். ஞாயித்துக்கிழமை வீடு பாக்க ஆள் வர்றாங்க."

"அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்க."

உள்ளே போய் எடுத்து வந்தார். அப்போதுதான் முதல் முறையாக அதைப் படித்தேன். 'எனது சொந்தக் காரணங்களால்' என்று அக்கா எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து அவளுக்கு. எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இருந்ததில்லை, அந்தத் தேதி வரை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"சார், சார், அது என் தாள்!"

"என் கையெழுத்து. திரும்ப வாங்கிக்கறேன். வர்றவங்ககிட்ட வீடு இல்லைன்னு சொல்லிடுங்க."

வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றார். ஒரே செடி குளித்துக்கொண்டிருந்தது. வேறு பிடி தேடினார்.

"அந்தக் கண்ணாடித் தொட்டி வேற இருக்கு. மூணாவது மாடி. பாரம் தாங்குமோ என்னவோன்னு எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

நான் லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் சரிபார்க்கிறவன். பாரம் என் தொழில்.

"லிஃப்ட்ல ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோன்னு கணக்கு. தொட்டி, தண்ணி, ஸ்டாண்டு எல்லாம் சேத்து ஆறு ஆள். உங்க சம்பந்தி வீட்லேர்ந்து ஆறு பேர் வந்து சோபாவுல உக்காந்தா, பாரம் தாங்காது, எழுந்திரிங்கன்னு சொல்வீங்களா?"

"அவங்க கிளம்பிடுவாங்களே சார்."

"நீங்க சரியாக் கவனிக்கலை போல."

சிரிக்கக் கூடாது என்று நினைத்துச் சிரித்துவிட்டார். நான் மேலே வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுத் தொலைபேசியை என் கையில் கொடுத்தாள்.

"என்னடா, ஒரு மீனுக்காகவா இத்தனை?" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

"அவ போயிட்டாடா."

"தெரியும்."

"பின்ன?"

"பின்ன ஒண்ணும் இல்ல. வண்டி வேணாம்."

"வண்டி சொல்லியாச்சு. வரும். நீ ஏறுறே," என்று வைத்துவிட்டார்.

"கேட்டியா?" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் குஞ்செல்லாம் செத்துப்போச்சுன்னா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நடக்கப்போவதைக் கேட்டாள். நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். செத்துப்போனால் எனக்கு இங்கே வேலை இல்லை. வண்டியில் ஏற வேண்டியதுதான்.

"செத்தா வர்றேன்," என்றேன்.

சொன்னதும் அது ஒப்பந்தம் ஆகிவிட்டது. அக்கா தலையாட்டிவிட்டு அட்டைப்பெட்டிகளைக் கட்டப் போனாள்.

என் மனைவி ஏழு முறை எழுதியும் நான்காம் நாள் என்று அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது. கடைசிப் பக்கத்தில் மட்டும், நடந்தால் செய்ய வேண்டியவை என்று சிறு பட்டியல். அதில் ஒன்று: 'நீந்துவதற்கு முன் பெரிய ஃபில்டரை எடுத்துவிட்டுப் புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடு. இல்லாவிட்டால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.' ஸ்பாஞ்சை வாங்கியும் வைத்திருந்தாள். பிரிக்காத உறையில், தொட்டி ஸ்டாண்டுக்குக் கீழே. வெள்ளிக்கிழமை அதைப் போட்டேன். நல்ல கறுப்பு ஸ்பாஞ்ச், கைமுட்டி அளவு.

சனிக்கிழமை காலை நீந்தின.

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத் தர வேண்டியதில்லை என்பார்கள். சொன்னவர் டிஸ்கஸ் வளர்த்ததில்லை. நீந்தத் தெரிந்தது, சரி. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. சட்டியிலிருந்து எழும்பிய மொத்தக் கூட்டமும் மேகம் போல ஒரு சுற்றுச் சுற்றியது. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். துடுப்புகளை விரித்து, உடம்பைச் சாய்த்து, இந்தா என்பது போல. கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க் கறுப்பு ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொண்டது.

அரை மணி நேரம் பார்த்தேன். குஞ்சுகள் ஸ்பாஞ்சைக் கொத்தின. கொத்திக்கொண்டே இருந்தன. அதில் தின்ன ஒன்றும் இல்லை. மேனேஜர் போய் வாயில் நாலைந்தை அள்ளி வந்து தன் பக்கத்தில் துப்பினார். அவை திரும்ப ஸ்பாஞ்சுக்கே போயின. மறுபடி அள்ளினார். மறுபடி துப்பினார்.

கடைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கறுப்பா எது இருந்தாலும் அதைத் தாய்னு நினைச்சுக்கும் சார். பெத்தவங்க உடம்பு அந்த நேரத்துல கறுத்துப்போகும், அதான் அடையாளம். உங்காளு கறுத்திருக்கானா?"

பார்த்தேன். இல்லை. வெளுத்திருந்தார். ஐந்து நாளாக அறையில் பெட்டி கட்டுவதும் இழுப்பதுமாக இருந்தால் யாருக்குத்தான் வெளுக்காது.

"எத்தனை நேரம் தாங்கும்?"

"சாயந்திரம் வரைக்கும். மிஞ்சிப்போனா நாளைக் காலை."

அவள் போடச் சொன்ன ஸ்பாஞ்சைப் பிடுங்கி எடுத்தேன். முதல் முறையாக அந்த நோட்டை மீறினேன். குஞ்சுகள் கலைந்து, கூடி, ஹீட்டருக்குப் போயின. ஹீட்டர் கறுப்புக் குழாய். அதையும் எடுத்தேன். இனி தண்ணீர் ஆறும்.

"அக்கா, வெந்நீர் வை."

"எதுல வைக்கிறது? எல்லாம் சுத்திக் கட்டிட்டேனே."

"பிரி."

ஒரு கணம் முறைத்தாள். பிறகு பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

ரப்பர் குழாய் வைத்துத் தொட்டித் தண்ணீரை மூன்றில் இரண்டு பங்கு இறைத்தேன். இடம் குறைந்தால் குஞ்சுகள் மேனேஜரைக் கண்டுபிடிப்பது எளிது. அக்கா காய்ச்சிய நீரைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, மூடி, தொட்டியில் மிதக்கவிட்டோம். வெப்பமானி முப்பதைத் தொட்டு நின்றது. குஞ்சுகள் மீண்டும் கூடின. கூடி, தொட்டியின் இடது மூலைக்குப் போய், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கண்ணாடி.

"அங்க என்னடா இருக்கு?" என்றாள் அக்கா.

கண்ணாடிக்கு வெளியே இருந்தது. என் கறுப்பு சூட்கேஸ். அக்கா என் துணிகளை எல்லாம் மடித்து வைத்து, நாளைக்குத் தூக்க வசதியாக ஸ்டாண்டு ஓரம் அட்டைப்பெட்டியின் மேல் நிறுத்தியிருந்தாள். நூற்றைம்பது குஞ்சுகள் அதைத் தாய் என்று நம்பி நின்றன.

தூக்கி எறிந்தேன். நடுக் கூடத்தில் விழுந்து வாய் பிளந்தது. சட்டைகள் வெளியே வந்தன.

"டேய்! மடிச்சு வெச்சதுடா!"

"வெள்ளைத் துணி வேணும். நாலு பக்கமும் மூடணும். வெளியே இருக்கிற எதுவும் தெரியக் கூடாது."

"பெட்ஷீட் இருக்கு."

"அது பூப்போட்டது. கறுப்புப் பூ."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு எது ஞாபகம் வந்ததோ அதுவே அவளுக்கும் வந்திருக்க வேண்டும். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தனியாகக் கட்டி வைத்திருந்த மூட்டையை எடுத்து வந்து முடிச்சை அவிழ்த்தாள். அவளுடைய வெள்ளைக் கோட்டுகள். நான்கு. பரிசோதனை நிலையத்தில் போடுவது. ஒன்றின் பையில் ஒரு பஞ்சு உருண்டை இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன்.

துணிக் கிளிப்புகளால் தொட்டியின் விளிம்பில் மாட்டினோம். பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று. பொத்தான் போட்டு, கையை மடித்து உள்ளே விட்டு. அறை, பெட்டிகள், நாங்கள் இருவர், எல்லாம் மறைந்தோம். முன் கோட்டின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே ஒரு விரல் அகல இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தேன்.

வெள்ளைக்குள் மேனேஜர் மட்டும்.

மதியம் ஒரு மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டார். சனிக்கிழமை அரை நாள் வேலைக்கு நான் போகவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"மீன் குஞ்சு பொரிச்சிருக்கு சார்."

"மீனுக்கா லீவு?"

"ஆமா சார்."

"ஏழு மாசமா ஒரு முழு நாள்கூட எடுக்கலையே நீ," என்றார். "சரி, எடுத்துக்கோ."

இரண்டு மணிக்கு மேனேஜரின் உடம்பில் நிழல் போலக் கருமை இறங்கத் தொடங்கியது. முதலில் கண் வழியாக ஓடும் பட்டை, பிறகு முதுகு, பிறகு வால் பக்கம். யாரும் அவரை இழுக்கவில்லை, தட்டவில்லை, அவருக்கு எதிரே யாரும் மூட்டை கட்டவில்லை. குஞ்சுகள் தரையோரம் சிதறிக் கிடந்தன. எண்ணிக்கை குறைந்திருந்தது. வெளுத்து அசையாமல் கிடந்தவற்றை நான் எண்ணவில்லை.

"தண்ணி ஆறுது," என்றாள் அக்கா. அடுத்த பாட்டிலை நீட்டினாள். அவள் முகம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது. அதற்குள் ஏழெட்டுப் பாத்திரங்கள் செய்தித்தாளை விட்டு வெளியே வந்துவிட்டன. இனி எதற்கு எண்ணிக்கொண்டு என்று மற்றதையும் பிரித்துவிட்டாள் போல.

"செத்தா வர்றேன்னு நீ சொன்னே," என்றாள்.

"சொன்னேன்."

"சாகக் கூடாதுன்னு நானும் வெந்நீர் வெச்சுட்டு இருக்கேன் பாரு. என்னை மாதிரி ஒரு பைத்தியக்காரி உண்டா?"

நான்கு மணிக்கு ஒன்று ஏறியது. ஒன்றே ஒன்று. சின்னக் காற்புள்ளி போல மேனேஜரின் வயிற்றோரம் ஒட்டி ஒரு கொத்துக் கொத்தியது. அவர் உடம்பு சிலிர்த்தது. உதறிவிடுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. ஐந்து மணிக்குள் அவர் உடம்பின் இரண்டு பக்கமும் மயிர் முளைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, வா."

அவள் பொத்தான் இடைவெளியில் கண்ணை வைத்தாள். வெகு நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. கோட்டின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அறுபதாவது இருக்கும்டா," என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்கு வண்டி வந்தது. வண்டிக்காரர் மேலே ஏறி வந்து, பிரித்துப் போட்ட பெட்டிகளையும் கூடத்தில் கிடக்கும் சட்டைகளையும் கோட்டு மாட்டிய தொட்டியையும் பார்த்தார்.

"எதை முதல்ல ஏத்தணும்?"

"எதையும் ஏத்த வேணாம்," என்றேன்.

சொன்னபடி மீன் கடைக்காரரும் வந்து சேர்ந்தார், காலித் தொட்டிக்காக. நான் பொத்தான் இடைவெளியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். மடித்து விட்ட கால்சட்டையோடு வெகு நேரம் குனிந்தே நின்றார்.

"ஒத்தை ஆளாவா?"

"நீங்கதானே பாத்துட்டு இருக்கீங்க."

"தோல் பிஞ்சிருக்கு சார், அந்தப் பக்கம். ஒரு மணி நேரம் பிரிச்சு வெச்சுப் பாருங்களேன். பாவம்."

"பிரிக்க மாட்டேன். அவரால முடியலைன்னா உதறுவார்."

"இன்னும் ஒரு வாரம் இப்படியே தாங்கணும். அப்புறம் கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சு பொரிக்கிற முட்டை என்கிட்ட இருக்கு. தர்றேன். அதைத் தின்னப் பழகிட்டா இவன் தப்பிச்சான்." நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் எங்கேயோ இடித்தது போல இருந்தது அவர் முகம்.

"மேடத்தைத் தனியா எடுத்து வையுங்க," என்றேன். "யாருக்கும் விக்காதீங்க. இதுங்க வளந்ததும் வந்து எடுத்துக்கறேன்."

"வித்துட்டேன்னு சொன்னா?"

"யாருக்குன்னு சொல்லுங்க. போய்க் கேட்டு வாங்கிக்கறேன்."

"விக்கலை சார். சும்மா கேட்டேன்," என்றார்.

அப்பா கூப்பிட்டார். அக்கா எடுத்தாள். நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"வரலைப்பா. இல்லப்பா, நான் என்ன சொல்றது? அவன் வரலை. ஆமாம், நல்லாத்தான் இருக்கான். கத்தறான், சாமானைத் தூக்கி எறியறான். நல்லாத்தான் இருக்கான்."

வண்டி சும்மா திரும்பிப் போக வேண்டாம் என்று அக்கா அதிலேயே ஏறிக்கொண்டாள். அத்தனை பெரிய வண்டியில் அவளுடைய ஒரே பை. கீழே வீட்டுக்காரர் குழாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரருக்கு அடுத்த இருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டினாள்.

"பெண் பாக்கறதைப் பத்தி நான் இனிமே பேச மாட்டேன். ஆனா அம்மா பேசுவா. என்ன சொல்லப்போறே?"

"முடியாதுன்னு சொல்வேன்."

"'ம்'னு சொல்லாம இருந்தாச் சரி," என்றாள்.

மேலே வந்து அடுப்பில் பாத்திரத்தை வைத்தேன். தண்ணீர் காய்வதற்குள் நோட்டை எடுத்தேன். அவளுடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன். என் கையெழுத்து கோணலாக இருந்தது. 'எட்டு. ஆறாம் நாள். மேனேஜர் தனியாக. சுமார் அறுபது. ஸ்பாஞ்ச் போடச் சொன்னது தப்பு. கறுப்பாக எதுவும் கூடாது.'

தண்ணீர் கொதித்துவிட்டது. பாட்டிலில் ஊற்றினேன்.